எனக்கென்ன கோட்டியா?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் ‘கோட்டி’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, ஒட்டப்பிடாரம் வட்டத்தில் இருக்கிறது பசுவந்தனை. அங்கே கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றாலே அந்தச் சொல் காதில் விழும். மல்லிக்கு அடிமாட்டு விலை கேட்கும் வியாபாரியிடம் “உமக்கென்ன கோட்டியா வே?” என்கிறார் சம்சாரி. வெயிலில் தொப்பியில்லாமல் பந்தடிக்கிற பேரனைப் பார்த்து “கோட்டிக்காரப்பய, வந்து கஞ்சியக் குடிலே” என்கிறாள் ஆச்சி. அதில் இருப்பது முழுக்கப் பாசம். அதே தெருவில், அதே வாயில், குரல் இறங்கி இன்னொரு விதமாகவும் அந்தச் சொல் வரும்: “அந்த வீட்ல மூத்தவனுக்குக் கோட்டி. பொண்ணு குடுக்க யோசிங்க.”

ஊரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. பசு சிவனை வந்தித்த இடம், அதனால் பசுவந்தனை என்கிறார்கள் கைலாசநாதர் கோயிலில். வந்தனை என்றால் வணக்கம். ஊருக்கு அப்படியொரு பெயர் அமைந்துவிட்டது. மனநோய்க்கு அமைந்த ‘கோட்டி’ என்ற பெயர்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

‘கோடு’ என்பது பழைய வினை. வளைவது, நேர்மையிலிருந்து சாய்வது என்று பொருள். யானைக் கொம்பைக் கோடு என்றார்கள், வளைந்த கொம்பு. வளைவுக்கும் நெறி தவறியதற்கும் கோட்டம் என்று பெயர். மனம் வளைந்தது கோட்டி என்று கொண்டால் சொல்லும் பொருளும் இயல்பாக ஒட்டுகின்றன. எழுத்தில் ‘கோட்டி’க்கு வேறொரு வாழ்க்கையும் இருந்தது. திருக்குறளில் ‘கல்லாமை’ அதிகாரத்தின் முதல் குறளில் வருகிற கோட்டி, கற்றவர் கூடிய அவை. அது ‘கோஷ்டி’யின் தமிழ் வடிவம், நம் கோட்டிக்கு உறவில்லை. ஓசையால் மட்டும் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்கள்.

வள்ளுவரிடம் நமக்கு வேண்டிய சொல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘நடுவு நிலைமை’யின் ஒன்பதாவது குறளில் சொற்கோட்டம், உட்கோட்டம் என்று இரண்டு வளைவுகளைப் பிரிக்கிறார். பேச்சின் கோணல் வெளியே தெரியும். உள்ளத்தின் கோணல் அப்படித் தெரியாது. அவர் பேசியது நீதியைப் பற்றி. நோயைப் பற்றி அல்ல. ஆனால் உட்கோட்டம் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம், அந்த வளைவை அது இருக்கிற மனமே எப்படிக் கண்டுகொள்ளும் என்ற கேள்வி எனக்குள் எழுகிறது. இருமுனைய நோயோடு வாழ்கிறவர்கள் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் கேள்வி அதுதான்.

தமிழில் இந்தக் குடும்பத்துச் சொற்கள் குறைவில்லை. உடம்பின் பித்தம் ஏறுவதால் வருவது என்ற எண்ணத்தில் பித்து, பைத்தியம் இரண்டும் பிறந்தன. கிரேக்கர்களும் பித்தத்தின் பக்கமே கைகாட்டினார்கள்; அவர்களுடைய ‘மெலங்கோலியா’ என்ற சொல்லுக்குக் கரும்பித்தம் என்று பொருள். தலை கிறுகிறுப்பதிலிருந்து வந்தது கிறுக்கு. சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்ற பெயரில் 18 வகையாகப் பிரித்து வைத்திருந்தது. இவற்றில் பித்துக்கு மட்டும் ஒரு தனி யோகம். சிவனே பித்தன். சுந்தரர் அவனை அப்படி அழைத்துத்தான் பாடத் தொடங்கினார். பக்தர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் மேலும் விரும்பிப் போட்டுக்கொண்டார்கள். திருநெல்வேலி வழிவந்த சொ. விருத்தாசலம் கதை எழுத வந்தபோது புதுமைப்பித்தன் என்று பெயர் வைத்துக்கொண்டார். தன் ஊரில் தினமும் புழங்கிய கோட்டி என்ற சொல்லை அவர் தொடவில்லை. யாரும் தொட்டதில்லை. பித்தை ஒரு மனிதன் தானாகச் சூடிக்கொள்ள முடியும். கோட்டியை அடுத்தவர்தான் சூட்ட முடியும்.

இந்த இடத்தில் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கோட்டியைப் படர்க்கையில் சொல்கிறோம்: “அவனுக்குக் கோட்டி.” முன்னிலையில் வசவாகவோ செல்லமாகவோ சொல்கிறோம்: “ஏலே கோட்டி.” தன்மையில்? காதில் விழுவது ஒரே ஒரு வடிவம்: “எனக்கென்ன கோட்டியா?” அல்லது “நானென்ன கோட்டிக்காரனா?” இரண்டும் கேள்விகள்; இரண்டுமே மறுப்புகள். “எனக்குக் காய்ச்சல்”, “எனக்குச் சர்க்கரை”, “எனக்கு வாதம்” என்று எல்லா நோயையும் நான்காம் வேற்றுமை உருபு போட்டுத் தன்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துச் சொல்ல முடிகிற மொழி இது. அந்த ‘கு’வில் நோய் வேறு, நான் வேறு என்ற தெளிவு அடங்கியிருக்கிறது. கோட்டியைப் பொறுத்தவரை அந்த வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்லி முடிக்க மொழி இடம் தரவில்லை. மறுப்பதற்கு மட்டும் வாசல் திறந்திருக்கிறது.

நோயாளிக்குத் தன் நோய் தெரியவில்லை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, அவருக்குச் சொல்லிக்கொள்ளத் தக்க சொல் கிடைக்கவில்லை என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சில காலம் மனம் மேலேறும். தூக்கம் குறையும், களைப்பு இராது. பேச்சு ஒன்றை ஒன்று முந்தும், காசு கையில் நிற்காது, தன்னால் முடியாதது எதுவுமில்லை என்று தோன்றும். பிறகு சில காலம் மனம் அடியில் போய் உட்காரும். எழுந்து பல் தேய்ப்பதே மலையாக இருக்கும். நடுவில் மாதங்களோ ஆண்டுகளோ எந்தக் குறையுமில்லாமல் ஓடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதவர்கள்.

மேற்கில் இதன் பெயர் பலமுறை மாறியது. 1850களில் பாரிசில் ஃபல்ரே இதை ‘சுழல் பைத்தியம்’ என்றார். அதே காலத்தில் பையார்ஷே ‘இரட்டை வடிவப் பைத்தியம்’ என்றார். யார் முதலில் சொன்னது என்று இருவருக்கும் தகராறு. 1899இல் ஜெர்மானியர் கிரெப்பலின் ‘மேனிக் டிப்ரஸிவ்’ என்ற பெயரைத் தம் பாடநூலில் ஏற்றினார். 1957இல் லியோன்ஹார்ட் ஒருமுனை, இருமுனை என்று பிரித்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ‘பைப்போலார்’ என்று எழுதியதும் அதுவே உலகப் பெயராயிற்று. தமிழில் இருமுனையப் பிறழ்வு என்றும் இருதுருவக் கோளாறு என்றும் எழுதுகிறோம். பிறழ்வு என்றால் நெறியிலிருந்து விலகியது. கோட்டியும் அதைத்தான் சொன்னது. கலைச்சொல் ஆக்கியவர்கள் அறியாமலே ஆச்சியின் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

இந்தப் பெயர்களுக்கு இடையே ‘அஃபெக்டிவ் டிஸார்டர்’ என்று ஒன்று உண்டு. உணர்ச்சிநிலை நோய் என்று பொருள். நம் மருத்துவமனைச் சீட்டுகளில் இன்றும் ‘பி.பி.ஏ.டி.’ என்று எழுதுகிறார்களே, அதில் உள்ள ‘ஏ’ அதுதான். தமிழ் இலக்கியத்துக்குள் அந்தப் பெயர் கவிஞர் ஆத்மாநாமின் வாழ்க்கைக் குறிப்பு வழியாக வந்தது. 1951இல் பிறந்த எஸ். கே. மதுசூதன், ‘ழ’ சிற்றிதழை நடத்தியவர், ‘காகிதத்தில் ஒரு கோடு’ என்ற தொகுப்பைத் தந்தவர். இந்த நோயோடு சில ஆண்டுகள் போராடி 1984இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எழுதுவதற்கு ஆத்மாநாம் என்ற பெயரைத் தானே தேர்ந்துகொண்ட அவருக்கு, நோயின் பெயர் ஆங்கிலத்தில்தான் கிடைத்தது. தமிழில் அன்று இருந்தவை பைத்தியமும் அதன் பங்காளிகளும்தான். கவிதையில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்ட மனிதர் அவற்றில் எதைத் தனக்கென்று எடுத்திருக்க முடியும்?

மனநல மருத்துவர் நோயாளியைப் பரிசோதிக்கும்போது கடைசியாகப் பார்ப்பது, நோயைப் பற்றி அவருக்கே எவ்வளவு உணர்வு இருக்கிறது என்பதை. நம் நாட்டில் அதை 1 முதல் 6 வரை படிவைத்து எழுதும் வழக்கம் உண்டு. அடியோடு மறுப்பது முதல் படி. அறிவால் ஒப்புவது மட்டும் போதாமல், அந்த அறிவு நடத்தையையும் மாற்றுவது ஆறாவது படி. “எனக்கென்ன கோட்டியா?” என்று ஒருவர் கேட்டால் சீட்டில் 1 விழும். ஆனால் மருத்துவர் அவரிடம் என்ன சொல் சொல்லிக் கேட்டார் என்பது அந்தச் சீட்டில் இருப்பதில்லை. லண்டன் மருத்துவர் ஆப்ரி லூயிஸ் 1934இல் இதைப் பற்றி எழுதியபோது, தனக்குள் நேர்ந்த நோய்மாற்றத்தின்பால் ஒருவர் கொள்ளும் சரியான நிலைப்பாடு என்று விளக்கினார். 1990இல் அந்தோனி டேவிட் அதை மூன்று இழைகளாகப் பிரித்தார்: நோய் இருக்கிறது என்று ஏற்பது, விசித்திர அனுபவங்களை நோயின் வேலை என்று அடையாளம் காண்பது, சிகிச்சைக்கு உடன்படுவது. இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டே “எனக்கு ஒன்றுமில்லை” என்கிறவர்கள் உண்டு. எல்லாம் தெரிந்தும் மாத்திரையை வாய்க்காலில் எறிகிறவர்களும் உண்டு. இவர்களை ஒரே எண்ணில் அடக்க முடியாது.

இருமுனைய நோயில் இந்த உணர்வு ஓரிடத்தில் நிற்பதில்லை. மனம் மேலேறும்போது அது மிகவும் மங்கும். இறங்கும்போதும் நடுக்காலத்திலும் பெரும்பாலும் திரும்பிவிடும். இதில் ஒரு கொடுமை உண்டு. ஊரில் நோய் நீங்குவதைத் ‘தெளிஞ்சிருச்சு’ என்கிறோம். குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் கொண்டுபோய்த் தங்கவைப்பதும் தெளியட்டும் என்றுதான். ஆனால் மேலேறும் மனத்துக்குத் தான் தெளிந்திருப்பதாகவே தோன்றுகிறது. வாழ்நாளில் இல்லாத அளவு தெளிவாக, உலகமே துலங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் உள்ளே உற்றுப் பார்க்கச் சொல்லிப் பயனில்லை. பார்க்கிற கண்ணிலேயே நோய் இருக்கிறது. வெளியே பார்க்க வேண்டும். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? இந்த வாரம் எவ்வளவு செலவழித்தேன்? எத்தனை பேரோடு சண்டை போட்டேன்?

அது பலிக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. மான்செஸ்டர் பக்கத்தில் 69 பேரோடு நடத்திய ஓர் ஆய்வு 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. தங்களுக்கே உரிய முன்னறிகுறிகளைக் கண்டுகொண்டு உடனே மருத்துவரிடம் போகப் பாதிப் பேருக்குப் பழக்கினார்கள். பழக்கம் பெற்ற குழுவில் கால்வாசிப் பேருக்கு அடுத்த எழுச்சி வர 65 வாரம் ஆயிற்று. மற்றக் குழுவில் 17 வாரம். மனச்சோர்வு வருவதை அந்தப் பயிற்சி தள்ளிப்போடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘தனக்குரிய’ என்பதுதான் இதில் முக்கியம். தூக்கம் குறைவது பலருக்கும் பொதுவானது. ஒருவருக்கு அதற்கு முன்பே பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடும் ஆசை வரும். இன்னொருவர் பளிச்சென்ற சேலையாகத் தேடிக் கட்டத் தொடங்குவார்.

கரிசல் காட்டில் இதைக் கண்டுகொள்வதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. புரட்டாசியில் மழை எதிர்பார்த்து உழவும் விதைப்பும் நடக்கும் நாட்களில், ராத்திரி பகல் பாராமல் ஒருவன் காட்டில் கிடந்தால் ஊர் அவனைப் புகழும். கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி வேலையில், கட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஒரு பெண் விடிய விடிய உட்கார்ந்து மற்றவரைப்போல் இரு மடங்கு செய்து முடித்தால் “சூட்டிக்கான பிள்ளை” என்பார்கள். ஓய்வில்லாத உழைப்பு பிழைப்பாகவே இருக்கிற மண்ணில், எழுச்சியின் முதல் வாரம் நற்பெயரோடுதான் வருகிறது. அவனைக் கோட்டி என்று ஊர் சொல்லும்போது நிலம் அடமானத்துக்குப் போயிருக்கும். கோட்டி எப்போதும் தாமதமாக வருகிற சொல். முன்னெச்சரிக்கைக்கு உதவாத பெயரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்?

முன்கூட்டி வருகிற சொற்களும் இதே ஊரில் இருக்கின்றன. அவற்றை யாரும் நோய்ப்பெயராக எண்ணியதில்லை, அவ்வளவுதான். “தூக்கம் பிடிக்கல”, “மனசு பறக்குது”, “ஒரு நிலையில நிக்கல”, “நெஞ்சு பாரமா இருக்கு.” இவற்றைத் தன்மையில் சொல்ல முடியும். சொன்னதும் யாரும் விலகிப் போவதில்லை. “ஏ ஐயா, நேத்து ராத்திரி தூங்குனியா?” என்று தாய் கேட்டால் மகன் பதில் சொல்வான். “மாத்திரை போட்டியா, மறுபடி கோட்டி கிளம்புதா?” என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வான். பைப்போலார் என்ற ஆங்கிலச் சொல்லை இளவட்டங்கள் சட்டென்று எடுத்துக்கொண்டதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். “எனக்கு பைப்போலார் இருக்கு” என்ற வாக்கியம் உடையாமல் நிற்கிறது. அந்தச் சொல்மேல் இன்னும் எந்த வசவும் படியவில்லை.

இந்நோய்க்குத் தரும் லித்தியத்துக்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. 1817இல் ஒரு கனிமத்தில் கண்டுபிடித்ததால் கிரேக்கத்தில் ‘கல்’ என்று பொருள்படப் பெயரிட்டார்கள். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அது மன எழுச்சியை அடக்குவதை எழுதினார். எழுச்சி திரும்பாமல் தடுக்க இன்றும் முதல் வரிசையில் நிற்கிற மருந்து. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லி ஈக்விவலன்ட்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள், கூடினால் நஞ்சு. பசுவந்தனைச் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, உடம்பு வலிக்குப் பெட்டிக்கடையில் சில வலிமாத்திரைகளை வாங்கிப் போட்டாலோ அளவு ஏறிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், குமட்டல் கண்டால் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ திருநெல்வேலி ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். தன்னை அறிவது என்பதில் இந்தத் தண்ணீர்க் கணக்கும் சேரும்.

எழுச்சி அடங்கித் தன்னுணர்வு திரும்பும் நாட்கள்தான் எனக்கு மிகுந்த அச்சம் தருபவை. பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வரும். கடன்காரர் வாசலில் நிற்பார். நோயை உணரும் தெளிவு கூடும்போது சோர்வும் கூடக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தெளிந்து பார்க்கும்போது அங்கே காத்திருக்கிற ஒரே பெயர் கோட்டி என்றால், தெளிவதே தண்டனையாகிவிடும். “ஆமாம், எனக்கு நோய்தான்” என்பதை ஒப்பினால் “நான் கோட்டிக்காரன்” என்பதையும் சேர்த்து விழுங்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சாகும் எண்ணம் வந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சட்டமும் பெயரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னையில் 1794இல் தொடங்கி இன்று கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மனநலக் காப்பகத்தின் தொடக்க காலப் பெயரிலும், 1858, 1912 சட்டங்களிலும் இருந்தது நிலாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த ‘லூனடிக்’, நிலா பிடித்தவர். 1987 சட்டம் அதைக் கைவிட்டது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு படி மேலே போய், நோயாளியின் சொந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்தது. அதன் 5ஆம் பிரிவின்படி வயதுவந்த எவரும், பின்னால் தெளிவிழந்தால் தன்னை எப்படிப் பராமரிக்க வேண்டும், எப்படிப் பராமரிக்கக் கூடாது, தன் சார்பில் பேசுபவர் யார் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். முன்பு மனநோய் வந்திருந்தாலும் இந்த உரிமை உண்டு. அவசர சிகிச்சையை மட்டும் அது தடுக்காது. நடுக்காலத்தில் இருக்கிற தெளிவை, எழுச்சிக் காலத்துக்கு எடுத்துவைக்கும் வழி இது.

பசுவந்தனையில் ஒருவர் அந்தத் தாளை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வக்கீல் தமிழ் வேண்டியதில்லை. “மூணு ராத்திரி சேந்தாப்ல நான் தூங்கலன்னா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. வரமாட்டேன்னு சண்ட போடுவேன். எங்க அக்கா வந்து கூப்பிட்டா வருவேன். நிலத்துப் பத்திரம் அவ கையில இருக்கட்டும். கட்டிப் போட வேண்டாம்.” இவ்வளவும் ‘பராமரிக்க வேண்டிய விதம்’. ‘கூடாத விதம்’ என்ற இடத்தில் அவர் இதையும் எழுதலாம்: “பிள்ளைய முன்ன வச்சுக்கிட்டு என்னக் கோட்டின்னு சொல்லாதீங்க. எனக்குத் தூக்கம் கெட்டிருக்குன்னு சொல்லுங்க.”